பதினோரு மணிப் பயம்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேராவது பிரேக்கக்காவிடம் திட்டு வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள். சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரர்கூடக் கொஞ்சம் யோசிப்பார். பிரேக்கக்கா என்றால் போதும், கையை நீட்டி வழி காட்டிவிடுவார்கள். ஓட்டுநர் பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் மதிலில் மோதப் போனால் கற்றுக்கொடுக்கிறவர் மிதிப்பதற்காக. இருபத்திரண்டு வருஷமாக அந்த இருக்கையில் உட்கார்ந்து, அந்த பிரேக்கின் மேல் வலது காலைச் சும்மா வைத்திருப்பதுதான் அக்காவின் பிழைப்பு.

சும்மா என்று நான் சொன்னது தெரிந்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மிதிக்காமல் இருப்பதுதான் வித்தை என்பார். எதற்கெடுத்தாலும் மிதித்தால் ஓட்டுகிறவருக்குத் தைரியமே வராது. மிதிக்கவே மிதிக்காவிட்டால் வண்டி தேறாது. எதுவரைக்கும் விடலாம், எந்த இடத்தில் மிதிக்க வேண்டும் என்பது அந்தக் காலுக்குத் தெரியும். அக்காவின் தலைக்குக்கூட அவ்வளவு தெரியாது.

அவர் அந்த இருக்கைக்கு வந்ததே ஒரு கூத்து. முப்பத்தொரு வயதில் அந்தப் பயிற்சிப் பள்ளியில் பதிவேடு எழுதத்தான் சேர்ந்தார். ஒருநாள் காலையில் ஒரு மாணவர் வண்டியைப் பூங்கா வேலிக்குள் விட்டுவிட்டார். கற்றுக்கொடுக்கப் போனவர் திரும்பி வந்து, சாவியை மேஜைமேல் வைத்து, தனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. வாசலில் அடுத்த மாணவர் காத்துக்கொண்டிருந்தார். முதலாளி அக்காவைப் பார்த்தார். அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்குப் பயம் என்பதே கிடையாது என்று ஊர் சொன்னது. அதை முதலில் சொன்னது அக்காதான் என்பது வேறு விஷயம்.

பயம் கிடையாதே தவிர, விதி உண்டு. ஆள் அரவமில்லாத மைதானத்தில் திரும்பும்போதும் இண்டிகேட்டர் போட வேண்டும். நின்ற வண்டியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும் பெல்ட் மாட்டியிருக்க வேண்டும். சர்க்கரை வியாதி வந்த இந்த ஆறு வருஷத்தில் மாத்திரையையும் அப்படித்தான் சாப்பிட்டார். சாப்பாட்டோடு ஒரு பெரிய மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மாத்திரை, காலையும் மாலையும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, காய்ச்சலில் படுத்தாலும் சரி, ஒரு வேளை தவறியதில்லை. அப்படியிருந்தும் சர்க்கரை ஏறிக்கொண்டேதான் இருந்தது. போன தடவை டாக்டர் பரிசோதனைத் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மூன்று மாதச் சராசரி இப்படியே இருந்தால் அடுத்தது ஊசிதான் என்றார்.

இதைச் சொன்ன விதம்தான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. தேர்வில் தோற்றுவிட்டு வரும் மாணவர்களிடம் தான் பேசுகிற அதே குரலில் டாக்டர் தன்னிடம் பேசிவிட்டார் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பொருமினார். மூன்று மாதம் கழித்து, எதுவும் சொல்லாமல், தாளை மட்டும் அவர் மேஜையில் வைத்து, அந்த உதடு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அன்று சாயங்காலமே வெளியூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார்.

தங்கை ஆறு மாதத்தில் பதினோரு கிலோ குறைத்திருந்தாள். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டுவிட்டு, முட்டை, மீன், கீரை, தயிர், காய் என்று சாப்பிட்டு வந்தாள். இரண்டு மணி நேரம் போனில் பாடம் நடத்தினாள். அக்கா கேட்டுக் கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டார். தங்கைக்குச் சர்க்கரை வியாதி கிடையாது, அவள் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறவளும் இல்லை என்பது அன்றைக்கு இரண்டு பேரில் ஒருவருக்கும் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்குகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் சமையலறையில்தான் நிம்மதியாக நிற்பார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. ரகசியம் என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பிரியம். காலிஃபிளவரைத் துருவி, சோறு மாதிரியே வேகவைத்துத் தட்டில் குவித்து, பக்கத்தில் மீனை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடச் சொன்னார். அக்கா கண்ணை மூடிச் சாப்பிட்டு, காலிஃபிளவர் காலிஃபிளவராகத்தான் இருக்கிறது என்றார். ஆனாலும் தட்டைக் காலி செய்தார். அவரும் கூடவே அதையே சாப்பிட்டார். கூடவே என்றால், மேஜையில் மட்டும்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று ரொட்டியில் வெண்ணெய் தடவி அவர் சாப்பிட்டது வேறு கணக்கு.

நான்கு வாரத்தில் அக்காவின் மோதிரம் விரலில் தானாகச் சுழன்றது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை மீட்டரில் பார்த்தால் நூற்று அறுபதுகளில் இருந்தது நூற்றுப் பன்னிரண்டுக்கு வந்திருந்தது. வீட்டுக்காரர் அந்த எண்ணை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். கிழிந்துபோகும் அளவுக்கு இறுக்கமாக இருந்த பழைய நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தார். மாத்திரையை மட்டும் முன்னைவிடக் கவனமாகச் சாப்பிட்டார். ஜெயிக்கிற நேரத்தில் ஒரு வேளைகூடத் தவறிவிடக் கூடாதல்லவா.

ஐந்தாவது வாரம்தான் பயம் வந்தது.

பதினோரு மணி வகுப்புக்கு வருகிறவர் ஒரு தையற்காரம்மா. அக்காவின் இருபத்திரண்டு வருஷச் சரித்திரத்தில் அவரைப் போல ஒரு மாணவி கிடைத்ததில்லை. தையல் மெஷின் மிதித்துப் பழகிய கால். ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதே பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கோடு போட்ட மாதிரி வண்டி நேராகப் போகும். அன்று ஆற்றுப் பாலத்தின் மேல் முப்பது கிலோமீட்டர் வேகத்தில், முன்னாலும் பின்னாலும் ஒரு சைக்கிள்கூட இல்லாத சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். திடீரென்று அக்காவின் கை நடுங்கியது. கழுத்தில் வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கால் தானாக பிரேக்கை அழுத்தியது. வண்டி பாலத்தின் நடுவில் நின்றுபோயிற்று.

நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா என்று தையற்காரம்மா பதறிப்போய்க் கேட்டார். குறுக்கே ஒரு பூனை போயிற்று என்று அக்கா வாய்க்கு வந்ததைச் சொன்னார். மறுநாளும் அதே பதினோரு மணிக்கு அது வந்தது. அன்றும் பூனை போயிற்று. மூன்றாம் நாள், இந்த ஊரில் மொத்தம் எத்தனை பூனை அக்கா என்று தையற்காரம்மா சிரிக்காமல் கேட்டார்.

இதில் அக்காவுக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. காலை எட்டு மணி வகுப்புக்கு ஒரு மருந்துக்கடைக்காரர் வருவார். வயது ஐம்பத்தெட்டு. லைசென்ஸ் தேர்வில் ஐந்து தடவை தோற்றவர். பச்சை விளக்கைப் பார்த்தால் நின்றுவிடுவார், எதிரே வருகிற வண்டிக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பார், கம்பத்தை உரசினால் கம்பத்திடமும் கேட்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எப்பேர்ப்பட்டவருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். அக்காவுக்கு அங்கே ஒன்றும் ஆவதில்லை. மலை மாதிரி உட்கார்ந்திருப்பார். ஊரிலேயே மோசமாக ஓட்டுகிறவரிடம் வராத பயம், ஊரிலேயே நன்றாக ஓட்டுகிறவரிடம் ஏன் வருகிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். வண்டியே இல்லை, சாலையே இல்லை. வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். பதினொன்றரை இருக்கும், கையில் இருந்த துண்டு நடுங்கியது. வேறு யாராக இருந்தாலும் உடம்புக்கு என்னவோ என்று யோசித்திருப்பார்கள். அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்த்தவர்கள், நடுங்கியவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் பயந்தவர்கள்தான். வேர்வைக்கும் நடுக்கத்துக்கும் வேறு அர்த்தம் இருக்கலாம் என்று அந்தத் தொழில் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. சாலையில் இருந்த பயம் இப்போது வீடுவரைக்கும் கூடவே வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகத் துக்கமாக இருந்தது. அந்த இருக்கைதான் அவருடைய வாழ்க்கை. ஒன்றும் தெரியாமல் வருகிறவர், முதல் நாள் கியரைப் பார்த்தே மிரள்கிறவர், இரண்டு மாதத்தில் ஒரு கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு ஓட்டிப் போவதைப் பார்க்கிற சந்தோஷம் வேறு எதில் கிடைக்கும்? தொட்டதற்கெல்லாம் பிரேக் மிதிக்கிறவர் அங்கே உட்காரக் கூடாது. அது அவரே வைத்திருந்த விதி. மறுபடியும் பதிவேட்டு மேஜைக்குப் போய், வெளியே வண்டி கிளம்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பேர் எழுத வேண்டியதுதான் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

ஆனால் அக்கா அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, ஒரு காரணம் கண்டுபிடித்தார். நன்றாக ஓட்டுகிறவர் பக்கத்தில் மனசுக்கு வேலை இல்லை, அதனால்தான் பயம் உள்ளே நுழைகிறது. மோசமாக ஓட்டுகிறவர் பக்கத்தில் பயப்படக்கூட நேரம் கிடையாது. ஆகவே பதினோரு மணிக்கு ஊரிலேயே மோசமாக ஓட்டுகிற ஆளை உட்கார வைத்துவிட்டால் பயம் வர வழியே இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தையற்காரம்மாவை எட்டு மணிக்கு வரச் சொன்னார். மருந்துக்கடைக்காரரைப் பதினோரு மணிக்கு மாற்றினார். அவர் கடையை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டு, ஏன் என்றுகூடக் கேட்காமல் வந்தார். ஐந்து தடவை தோற்றவர் கேள்வி கேட்கிற நிலையில் இருக்க மாட்டார்.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கிளம்பினார்கள். முதல் பத்து நிமிஷம் அக்கா நினைத்தது போலவே போயிற்று. மருந்துக்கடைக்காரர் ஒரு பச்சை விளக்கில் நின்றார், ஒரு குப்பை வண்டியிடம் மன்னிப்புக் கேட்டார். அக்கா மனசுக்குள் தன்னையே மெச்சிக்கொண்டார். கடைத்தெருவுக்குள் திரும்பியதும் கை நடுங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை கையோடு நிற்கவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்த கடைப் பலகைகள் மங்கலாயின. முதுகெல்லாம் நனைந்தது. இந்த மனுஷன் பக்கத்திலும் பயந்துவிட்டேன், அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார். அதை அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"சார், இனிமே நான் வர மாட்டேன்" என்று சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழறி வந்தது.

மருந்துக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். தான் ஓட்டுவதைப் பார்த்துத்தான் அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று முதலில் நினைத்து ஆடிப்போனார். அடுத்த நொடி அந்த நினைப்பு போய்விட்டது. முப்பது வருஷம் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றவர். வெளுத்த முகம், நெற்றியில் முத்து முத்தாக வேர்வை, எங்கேயோ பார்க்கிற கண், இதை அவர் நூறு தடவையாவது பார்த்திருப்பார். கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டரைப் போட்டார், ஓரத்தில் ஒரு பால் வண்டிக்கும் ஒரு புதுக் காருக்கும் நடுவில் இருந்த இடத்துக்குள் ரிவர்ஸில் ஒரே திருப்பில் வண்டியைச் செருகி நிறுத்தினார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?"

அக்கா தலையாட்டினார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு முட்டை. கீரை."

"ரொட்டி, சோறு?"

"ஏழு வாரமாத் தொடல" என்றார் அக்கா. அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவர் கதவைத் திறந்துகொண்டு எதிர்க்கடைக்கு ஓடினார். மன்னிப்பே கேட்காமல் இரண்டு வண்டிகளைக் கை காட்டி நிறுத்திவிட்டு ஓடினார். ஒரு பாட்டில் பழச்சாறு வாங்கி, மூடியைத் திருகி, அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதில் சர்க்கரை இருக்கிறது, டாக்டருக்குத் தாளைக் காட்ட இன்னும் ஐந்து வாரம்தான் பாக்கி என்று குழறலோடு சொன்னார். ஜன்மத்தில் யாரையும் அதட்டிப் பேசாத மருந்துக்கடைக்காரர் அப்போது அதட்டினார்.

"தாளெல்லாம் அப்புறம். பேசாம குடிங்க."

அக்கா குடித்தார். ஏழு வாரத்துக்குப் பிறகு நாக்கில் பட்ட இனிப்பு. பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள முயன்றார், முடியவில்லை. கால் மணி நேரம் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடைப் பலகைகளின் எழுத்து ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தது. நெஞ்சு அடங்கியது. கையை நீட்டிப் பார்த்தார், நடுக்கம் இல்லை. அப்போதுதான் அவருக்குள் என்னவோ மெல்ல அசைந்தது. பழச்சாறு குடித்தால் போய்விடுகிறது என்றால், அது எப்படிப் பயமாக இருக்க முடியும்?

அரை மணி நேரத்துக்கு அக்கா வண்டியைத் தொடக் கூடாது என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிவிட்டார். விதி என்றால் அக்காவுக்கு மறுப்பில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த அவர் கடைக்கு நடந்தே போனார்கள். அங்கே மீட்டரில் பார்த்தபோது எண்பத்தாறு காட்டியது. இது பழச்சாறு குடித்த பிறகு, அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே வேண்டாம் என்றார் அவர். மேஜையில் சாய்ந்துகொண்டு, அக்கா சாப்பிடுகிற மாத்திரைகளின் பேரைக் கேட்டார். சின்ன மாத்திரையின் பேரைக் கேட்டதும் உச்சுக்கொட்டினார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், ஆனால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்று அவரே போன் போட்டு நேரம் வாங்கிக் கொடுத்தார்.

அன்று மதியம் டாக்டரிடம் வீட்டுக்காரரும் கூட வந்தார். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் அக்காவுக்கு ஞாபகம் வரவில்லை. திட்டு விழப் போகிறது என்று கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் முழுவதையும் கேட்டார். எடையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை எண்களைக் கேட்டார்.

"சாப்பாட்டை மாத்தினது நல்ல விஷயம்மா. என்கிட்ட சொல்லாம மாத்தினதுதான் தப்பு" என்றார். "இந்தச் சின்ன மாத்திரை இன்சுலினைப் பிழிஞ்சு எடுக்கும். நீங்க சோறு சாப்பிட்டீங்களா, முட்டை சாப்பிட்டீங்களான்னு அதுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அது வேலையைச் செய்யும். பழைய சாப்பாட்டுக்குன்னு கொடுத்த அளவு அது. நீங்க சாப்பாட்டைக் குறைச்சுட்டு மாத்திரையைக் குறைக்கலைன்னா சர்க்கரை கீழ போகாம என்ன செய்யும்?"

காலையில் விழுங்கிய சின்ன மாத்திரை முழு வேகம் எடுப்பது பதினோரு மணி வாக்கில்தான், எட்டு மணிக்கு அது கிளம்பியிருக்கக்கூட மாட்டாது என்றும் விளக்கினார். மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் வராத பயம் தையற்காரம்மா பக்கத்தில் ஏன் வந்தது என்ற மர்மம் அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துபோயிற்று. அக்கா நிமிர்ந்தார்.

"அப்ப டாக்டர், நான் பயந்தாங்கொள்ளி இல்லையா?"

டாக்டருக்குப் புரியவில்லை. அக்கா பாலத்தைச் சொன்னார், பூனைகளைச் சொன்னார், வேலையை விடத் தீர்மானித்ததைச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. பயந்தாலும் உடம்பு வேர்த்து நடுங்கும், சர்க்கரை இறங்கினாலும் வேர்த்து நடுங்கும், அனுபவிக்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், மீட்டரில் பார்த்தால்தான் எது எதுவென்று பிரிக்க முடியும் என்றார். அக்கா அழுதுவிட்டார். சந்தோஷத்தில்தான் அழுதார், ஆனால் நின்றபாடில்லை. டாக்டர் காகிதத் துவாலைப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, மருந்துச் சீட்டில் சின்ன மாத்திரையின் பேரைக் கோடு போட்டு அடித்தார். பெரிய மாத்திரை தொடரட்டும், அதனால் இந்தத் தொந்தரவு அநேகமாக வராது என்றார். இரண்டு வாரம் தினமும் நான்கு வேளை மீட்டரில் பார்த்து எண்களைத் தனக்கு அனுப்ப வேண்டும், நடுங்கினால் வண்டியை நிறுத்திவிட்டு உடனே பார்க்க வேண்டும், எழுபதுக்குக் கீழே இருந்தால் இனிப்புச் சாப்பிட வேண்டும், வண்டியில் எப்போதும் குளுக்கோஸ் இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். விதிகள். அக்காவின் கண்ணீர் தன்னால் நின்றது. பேனா கேட்டார்.

ஊசி வேண்டாமா என்று வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். இருந்த மாத்திரையிலேயே ஒன்றை எடுத்துவிட்டேன், இதில் ஊசி எங்கே வந்தது என்றார் டாக்டர். அப்போது அந்த உதடு சிரித்தது. தாளைக் காட்டாமலேயே அக்காவுக்கு அதைப் பார்க்கக் கிடைத்துவிட்டது.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். மூன்று வாரமாகத் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவருக்கு ஆற்றாமை. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அந்தச் சூட்டோடு அவர் ரொட்டி விஷயத்தையும் ஒப்புக்கொண்டார். அது முதல் வாரத்திலிருந்தே தெரியும், சட்டையில் தூள் இருக்கும் என்றார் அக்கா.

சாயங்காலம் மருந்துக்கடையில் சாவியை வாங்கிக்கொண்டு, வண்டியை எடுக்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். பால் வண்டி போய்விட்டிருந்தது, புதுக் கார் இன்னும் அங்கேயே நின்றது. பயிற்சி வண்டி ஓரக்கல்லிலிருந்து சரியாக ஒரு சாண் தள்ளி, நூல் பிடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஐந்து தேர்விலும் அந்த மனுஷனைக் கவிழ்த்தது இந்த ரிவர்ஸ் பார்க்கிங்தான். அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டுச் சொன்னார். நானா நிறுத்தினேன் என்று அவர் மூன்று தடவை கேட்டார்.

இரண்டு வாரமும் எண்கள் ஒழுங்காக வந்தன. பதினோரு மணிக்கு நூறு, நூற்றுப் பத்து, தொண்ணூற்றெட்டு. கை நடுங்கவில்லை. தையற்காரம்மா முதல் தடவையிலேயே தேர்வில் தேறிவிட்டார். மருந்துக்கடைக்காரர் பதினோரு மணியிலேயே தங்கிவிட்டார். அந்த நேரம் தனக்கு ராசி என்று சொன்னார். ஆறாவது தேர்வுக்கு மனு போட்டிருந்தார்கள்.

மூன்றாம் வாரம் ஒருநாள் நாற்சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. மருந்துக்கடைக்காரர் பிரேக்கை மிதிப்பதாக நினைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டி பாய்ந்தது. குறுக்கே ஒரு சிமெண்ட் லாரி வந்துகொண்டிருந்தது. அக்காவின் கால் இறங்கியது. லாரிச் சக்கரத்துக்கும் வண்டி மூக்குக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்தது. லாரிக்காரர் இரண்டு பேருடைய பரம்பரையையும் விசாரித்துவிட்டுப் போனார்.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னார் அக்கா. கட்டியதும் கையைப் பார்த்தார். நடுங்கியது. கழுத்தெல்லாம் வேர்வை. நெஞ்சு கதவைத் தட்டுகிற மாதிரி அடித்தது. பாலத்தின் மேல் இருந்தது போலவே, அச்சு அசலாக அதேதான். மருந்துக்கடைக்காரர் வெளிறிப்போய் அவரைப் பார்த்தார். அக்கா பையிலிருந்து மீட்டரை எடுத்தார். விரல் நடுங்கிப் பரிசோதனைப் பட்டையை அதில் செருக வரவில்லை. அவர் வாங்கிச் செருகினார், தொழில் பழக்கம். விரலைத் துடைத்து, குத்தி, ஒரு துளி வைத்தார்கள். ஐந்து நொடி.

"நூத்திப் பதினெட்டு" என்று படித்தார் மருந்துக்கடைக்காரர்.

அக்கா எட்டிப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டுதான். மீட்டரைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எதற்கு என்று தெரியாமலே மருந்துக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார்.

"அப்ப இது நிஜமான பயம் சார்" என்றார் அக்கா. "முழுக்க முழுக்க நீங்க குடுத்தது."

அவர் அசடு வழிந்தார். தன்னால் அக்காவுக்குப் பயம் வந்துவிட்டதே என்று மன்னிப்புக் கேட்கப் போனார். அக்கா கையை உயர்த்தித் தடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் இந்தப் படபடப்பு ஆயிரம் தடவையாவது வந்திருக்கும். பேனாவை மூடிவிட்டு வண்டியில் ஏறிய முதல் நாளே வந்திருக்கும். அதற்குப் பயம் என்று பேர் வைக்காமலே காலத்தை ஓட்டியிருக்கிறோம் என்று அவருக்கு இப்போதுதான் பட்டது. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் வரவில்லை.

"இன்னிக்கு இது போதுமாக்கா? பயந்துட்டீங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பயந்தேன்தான். பயந்த கால் சரியான நேரத்துல மிதிச்சுதா இல்லையா?" என்றார் அக்கா. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பெல்ட்டை இழுத்துச் சரி செய்துகொண்டு, காலை அதன் இடத்தில் வைத்தார். "கண்ணாடியைப் பாத்துட்டு வண்டிய எடுங்க சார். இடது பக்கம் திரும்பணும்."